ஒரு ஷில்லிங் பனிக்கட்டி

கேட்பது எளிது.
பதில் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டும்.
அதற்குத்தான் இந்த இரவு.

எம்பிட்டாவில், ஏரிக்கரையில்,
ரிஸ்பரின் பனிக்கட்டி ஆலைப் பின்னறையில்
மீன்பெட்டியைக் கவிழ்த்து
மேசையாக்கி உட்கார்ந்திருக்கிறேன்.
கம்ப்ரசர் இரைகிறது. கால் விறைக்கிறது.
விடிந்தால் படகுகள் வரும்.
பனிக்கட்டி வாங்குபவன் கைபேசியில்
'இவ்வளவு தரவா?' என்று திரை கேட்க வேண்டும்,
அவன் நான்கு இலக்கம் அழுத்த வேண்டும்,
பணம் வந்த சேதி ஓடிவந்து
என் சர்வரின் நானூற்று நாற்பத்து மூன்றாம் வாசலைத்
தட்ட வேண்டும்.

தட்டவில்லை.

சான்றிதழ் காலாவதி என்றது முதலில்.
புதுப்பித்தேன்.
கையொப்பம் பொருந்தவில்லை என்றது.
ரகசியச் சாவியை நகலெடுத்தபோது
அதன் வாலில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளி.
அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம்
வெறும் காற்றை முறைத்துக்கொண்டிருந்தேன்,
பிறகு காற்றை வெட்டி எறிந்தேன்.

இரண்டு நாற்பதுக்குச்
சோதனைக் களத்தை விட்டு நிஜத்துக்கு மாறினேன்.
என் எண்ணுக்கே ஒரு ஷில்லிங் கேட்டேன்.
பக்கத்தில் கிடந்த என் கைபேசி வாய் திறக்கவில்லை.
ஆனால் வாசல் தட்டப்பட்டது.
வெற்றி. தொகை: ஒன்று.
செலுத்தியவர்: நசிமியு.

கடைசி இலக்கம் ஒன்றுக்குப் பதில் ஏழு.
என் விரல் பிசகிய இடத்தில்
எல்கன் மலையடியில் எவளோ ஒருத்தி
தூக்கத்தில் எழுந்து
எனக்கு ஒரு ஷில்லிங் தந்திருக்கிறாள்.

திருப்பி அனுப்பப் பார்த்தேன்.
பத்துக்குக் குறைந்ததைத் திருப்ப வழியில்லை என்றது திரை.
வெளுத்ததும் அழைத்தேன்.
பால் கறந்துகொண்டிருந்தாள்.
"யாருக்கோ ஒரு ஷில்லிங் குறையுது போலன்னு நெனச்சேன்.
ஏமாத்துறவனா இருந்தா ஆயிரம் கேட்டிருப்பான்.
மாடு உதைக்குது, வைக்கிறேன்."

ரிஸ்பரிடம் சொன்னேன்,
கணக்கு இடிக்கிறது,
விற்காத பனிக்கட்டிக்குப் பணம் வந்திருக்கிறது.
"விக்கலேன்னு யார் சொன்னா?"
ரம்பத்தை எடுத்தாள்.
பன்னிரண்டு கிலோ அறுபது ஷில்லிங்,
அப்படியானால் அவளுக்கு இருநூறு கிராம்.
அறுத்து, தராசில் வைத்து,
முள்ளைக் கொஞ்சம் நசிமியு பக்கம் சாயவிட்டு,
அலுமினியக் கிண்ணத்தில் போட்டுப் படியில் வைத்தாள்,
வெயில் வரும் இடம் என்று தெரிந்தே.

முதல் படகு ஒகுட்டுவுடையது.
ஆயிரத்து எண்ணூறு.
கைபேசி சிணுங்கியது. பார்த்தான். அழுத்தவில்லை.
"நான் வாங்குனது ரிஸ்பர்கிட்ட.
இது யாரு, கிசிவா டேட்டா?"

அது நான்.
பெயர்ப்பலகைகூட இல்லாத நிறுவனம்,
அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கிற மூன்றாமவன்.
திரையில் வரும் பெயரை மாற்ற ஒரு விண்ணப்பம் இருக்கிறது,
ஒன்பது வேலை நாள் ஆகும்.
கோரிக்கையின் ஆயுளோ அறுபது வினாடி.

செதில் ஒட்டிய கையை உயர்த்தி
கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் ரிஸ்பர்:
"அதுல இருக்கிறது நான்தான்! அழுத்துங்கடா!"

ஐம்பத்து நான்காவது வினாடியில் அழுத்தினான்.
பின்னால் வந்த படகுகளும் அவள் குரலை நம்பி
என் பெயருக்குப் பணம் தந்தன.
வாசல் தட்டிக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறிய பிறகு வெளியே வந்தேன்.
கிண்ணத்தை ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது.
நசிமியுவின் வரியில்
'பெற்றுக்கொண்டவர்' என்ற கட்டம் இன்னும் காலி.
ரிஸ்பரைக் கேட்டேன்,
இந்த நாய்க்குப் பேர் ஏதாவது உண்டா?